ஹூரான் ஏரித் தண்ணி இவ்வளவு தெளிவு, மீன் எங்கே போச்சு?

பொருநைக்கரை | ஆகஸ்ட் 10, இரவு 9:12

வணக்கம். ரெண்டு வருஷமா இந்தப் பகுதியை வாசிக்க மட்டும் செய்றேன். எழுதுறது இதுதான் முதல் தடவை.

போன சனிக்கிழமை வீட்டோட டோபர்மோரி போயிருந்தோம். கனடாவுல, ஒண்டாரியோ மாகாணத்துல பிரூஸ் தீபகற்பத்தோட நுனி. ஒரு பக்கம் ஹூரான் ஏரி, இன்னொரு பக்கம் ஜார்ஜியன் விரிகுடா. அடியில கண்ணாடி வச்ச படகுல பிக் டப் துறைக்குள்ள கூட்டிட்டுப் போய், 1885ல மூழ்கின ஸ்வீப்ஸ்டேக்ஸ் பாய்மரக் கப்பலைக் காட்டினாங்க. ஆறு மீட்டர் ஆழத்துல கிடக்கு. பலகையை ஒவ்வொண்ணா எண்ணிடலாம். என் பொண்ணு எட்டிப் பாத்துட்டு, "அப்பா, தண்ணியே இல்லாத மாதிரி இருக்கு"ன்னா.

மறுநாள் விடியுறதுக்கு முன்னாடி கயாக்கை இறக்கித் தூண்டிலோட போனேன். நாலு மணி நேரம். ஸ்பூன்னு சொல்ற பொய் இரையை மாத்தினேன், ஆழத்தை மாத்தினேன், ஒரு கடி கூட இல்ல. கீழ பாறை தெரியுது, பாறை மேல சின்னச் சின்னதா மட்டி அப்பிக் கிடக்கிறது தெரியுது, மீன் மட்டும் கண்ணுல படல. கரைக்கு வந்தப்போ துறையில படகைக் கழுவிட்டு இருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். அவர் சின்னப் பையனா இருந்தப்போ இந்த இடத்துல அடி இவ்வளவு தெரியாதாம். மீன் இருந்தது அந்தக் காலத்துலதானாம்.

அந்தப் பேச்சுதான் மண்டையைக் குடையுது. தண்ணி சுத்தமானா மீன் பெருகணும்னுதானே நாம நினைச்சிருக்கோம்? இங்க ஏன் தலைகீழா இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பருத்தித்துறையான் | ஆகஸ்ட் 10, இரவு 10:40

தம்பி, அந்த மனுசன் சொன்னது சரி. நான் 1996ல இஞ்ச வந்தனான். வந்த காலம் தொட்டு ஒவ்வொரு ஆவணியும் ஓவன் சவுண்ட், மீஃபோர்ட் பக்கம் சினூக் சால்மன் பிடிக்கப் போறனாங்கள். மூண்டு குடும்பம் சேர்ந்து ஒரு படகு வாடகைக்கு எடுப்பம். 2000, 2001 அளவில இருபது றாத்தல் மீன் பிடிச்சால் ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை. வயித்தைக் கீறினால் உள்ளுக்குள்ள அலேவைஃப் எண்ட வெள்ளிநிறச் சின்ன மீன் நிரம்பிக் கிடக்கும்.

2004, 2005க்குப் பிறகு அது மாறிப் போச்சுது. பிடிபட்ட சால்மனுக்குத் தலை மட்டும் பெரிசு, உடம்பு ஒட்டிப் போய்க் கிடக்கும். வயித்துக்குள்ள ஒண்டுமில்லை. கடலோரம் பிறந்து வளர்ந்த எனக்கு அதைப் பாக்க நெஞ்சு கனத்தது. பட்டினி கிடந்த மீன் எண்டு கையில தூக்கினவுடனயே தெரியும். அதுக்கு அடுத்தடுத்த வருசங்களில அந்த மெலிஞ்ச மீனும் இல்லை. தண்ணி மட்டும் ஒவ்வொரு வருசமும் இன்னும் கொஞ்சம் தெளிவா, இன்னும் கொஞ்சம் நீலமா வந்து கொண்டிருந்தது.

நன்னீர் | ஆகஸ்ட் 11, காலை 7:55

ஏரிச் சூழலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். என் ஆய்வு வேறு ஏரியைப் பற்றியது என்றாலும் இந்தக் கேள்வி எங்கள் துறையில் தினமும் பேசப்படுவது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாறையில் அப்பிக் கிடந்ததாகச் சொன்னீர்களே, அந்த மட்டிகள்தான் விடையின் பெரும்பகுதி. இரண்டு இனங்கள் இருக்கின்றன: வரிக்குதிரை மட்டி, குவாகா மட்டி. இரண்டும் கருங்கடல், காஸ்பியன் பக்கத்தவை. கடல் கடந்து வரும் சரக்குக் கப்பல்கள் எடை சமநிலைக்காக வயிற்றில் நிரப்பி வரும் தண்ணீரோடு வந்து சேர்ந்தவை. வரிக்குதிரை மட்டியை 1988ல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டார்கள், அடுத்த ஆண்டு ஈரி ஏரியில் குவாகா.

வரிக்குதிரை மட்டிக்கு ஒட்டிக்கொள்ளக் கல்லோ குழாயோ வேண்டும், ஆழம் குறைவாக இருக்க வேண்டும். குவாகாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சேற்றின் மேலும் உட்காரும். நாலு டிகிரிக் குளிரிலும் இனம் பெருக்கும். நூறு மீட்டருக்குக் கீழேயும் வாழும். ஹூரானின் அதிகபட்ச ஆழம் 229 மீட்டர். அப்படியென்றால் அந்த ஏரியின் அடித்தளம் பெரும்பாலும் அதற்கு வீட்டுமனைதான்.

ஒரு மட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை உள்ளிழுத்து வடிகட்டுகிறது. வடிகட்டி எடுப்பது அழுக்கை என்று நினைத்துவிடாதீர்கள். அது எடுப்பது மிதக்கும் நுண்பாசியை, அதாவது அந்த ஏரியின் புல்லை. முன்பெல்லாம் வசந்தத்தில் ஏரி முழுக்க டயாட்டம் என்ற நுண்பாசி பொங்கும். கொஞ்சத்தை மிதக்கும் நுண்விலங்குகள் தின்னும், மீதி மெல்ல அடிக்கு இறங்கும். அடியில் டைபோரியா என்று இறால் போன்ற ஒரு சிற்றுயிர், விரல் நகத்தை விடச் சிறியது, உடம்பெல்லாம் கொழுப்பு. மிச்சிகன் ஏரியில் சில இடங்களில் ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. வைட்ஃபிஷ் என்ற மீன் அதைத் தின்றுதான் கொழுத்தது. மட்டிகள் பெருகத் தொடங்கிய பிறகு மிச்சிகனிலும் ஹூரானிலும் வசந்தகாலப் பாசிப் பொங்கல் ஏறக்குறைய நின்றேவிட்டது. டைபோரியாவும் பெரும்பாலான இடங்களில் காணாமல் போய்விட்டது.

மிச்சிகன் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மிச்சிகன், ஹூரான் இரண்டும் இப்போது சுப்பீரியர் ஏரியை விடத் தெளிவு. சுப்பீரியர்தான் காலங்காலமாகத் தெளிவுக்குப் பேர்போனது. நீங்கள் பார்த்த அந்த நீலம் தீவனம் தீர்ந்துபோன தண்ணீரின் நிறம்.

பொருநைக்கரை | ஆகஸ்ட் 11, காலை 8:30

ரொம்ப நன்றிங்க. படிச்சதும் எங்க ஆச்சி ஞாபகம் வந்துடுச்சு. ஆத்துல புதுவெள்ளம் வர்றப்போ கலங்கின தண்ணியைப் பானையில ஊத்தி, பானைக்குள்ள தேத்தாங்கொட்டையை உரசி வைப்பாங்க. கொஞ்ச நேரத்துல மண்ணெல்லாம் அடியில படிஞ்சு மேல தண்ணி தெளிஞ்சுடும். இந்த மட்டியும் அந்த வேலையைத்தான் செய்யுதா?

நன்னீர் | ஆகஸ்ட் 11, காலை 8:48

ரொம்பப் பொருத்தமான உவமை. தேத்தாங்கொட்டை மண்ணை அடிக்கு இறக்குகிறது, மட்டி சோற்றை அடிக்கு இறக்குகிறது. உயிர்ச்சத்தில் முக்கியமானது பாஸ்பரஸ். அது முன்பு மேல்தண்ணீரில் பாசிக்கும் நுண்விலங்குக்கும் மீனுக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. இப்போது மட்டியின் சதையிலும் ஓட்டிலும் கழிவிலும் போய் முடங்குகிறது. மட்டிகள் எவ்வளவு பிடித்து வைக்கின்றன, எவ்வளவு விடுகின்றன என்பதுதான் இன்று இந்த ஏரிகளின் பாஸ்பரஸ் கணக்கைத் தீர்மானிக்கிறது.

கணக்கன் | ஆகஸ்ட் 11, மதியம் 1:20

ஒரு மாற்றுக் கருத்து. நான் நகராட்சிக் குடிநீர் சுத்திகரிப்புத் துறையில் இருப்பவன். ஈரி ஏரி செத்துவிட்டது என்று 1960களில் பத்திரிகைகள் எழுதின. அதில் விழும் கயஹோகா ஆறு 1969ல் தீப்பற்றி எரிந்தது. அதற்குப் பிறகுதான் 1972ல் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகள் (சுப்பீரியர், மிச்சிகன், ஹூரான், ஈரி, ஒன்ராறியோ) நீர்த்தர ஒப்பந்தம் போட்டன. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்து, கழிவுநீர் நிலையங்களை மேம்படுத்தி, கோடிக்கணக்கில் செலவு செய்து பாஸ்பரஸைக் குறைத்தோம். ஏரி தெளிந்தது அந்த உழைப்பின் பலன். இப்போது தெளிந்ததே நோய் என்று சொன்னால் அந்தத் தலைமுறை செய்ததெல்லாம் தவறு என்று ஆகிவிடாதா? குடிக்கும் தண்ணீருக்குத் தெளிவு நல்லதுதான். மீனுக்காக மனிதன் கலங்கல் குடிக்க முடியாது.

நன்னீர் | ஆகஸ்ட் 11, மாலை 6:05

தவறு என்று யாரும் சொல்லவில்லை ஐயா. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இன்று பேசுவதற்கு ஏரிகளே மிஞ்சியிருக்காது. ஆனால் பாஸ்பரஸ் குறைப்பு ஏற்கெனவே எழுபது, எண்பதுகளில் வேலை செய்துவிட்டது. அதற்குப் பிறகும் மீன் இருந்தது, டைபோரியா இருந்தது. மட்டிகள் பரவிய பிறகு நடுஏரியின் பாஸ்பரஸ் ஒப்பந்தம் வைத்த இலக்குக்கும் கீழே போய்விட்டது. மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கிய பிறகு யாரோ ஒருவர் வந்து சாப்பாட்டையும் நிறுத்திவிட்டது போல.

தெளிவு குடிநீருக்கு நல்லது என்றீர்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் தெளிந்தால் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும். கரையோரப் பாறைகளில் கிளாடோஃபோரா என்ற நூல்பாசி முன்பு வளராத ஆழத்திலும் வளர்கிறது. அதற்கு உரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும் மட்டியின் கழிவு. நடுஏரி பட்டினி, கரையோரம் அஜீரணம். பாசி பிய்ந்து குவிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா பெருகும். அங்கே மேயும் சிற்றுயிர்கள், அவற்றையும் மட்டியையும் தின்னும் உருண்டைக் கோபி மீன் (அதுவும் கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த அந்நியன்தான்), கோபியைத் தின்னும் பறவை என்று நஞ்சு மேலே ஏறுகிறது. 2011 அக்டோபரில் ஜார்ஜியன் விரிகுடாவின் வசாகா கரையில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் செத்து ஒதுங்கின. கூடவே ஸ்டர்ஜன் மீன்களும். ரொறன்ரோக்காரர்கள் கோடையில் குளிக்கப் போகும் அதே மணல்தான்.

பருத்தித்துறையான் | ஆகஸ்ட் 11, இரவு 9:30

அந்த வருசம் நான் வசாகாவில நிண்டனான். லூன் பறவையள் வரிசையா மணலில கிடந்ததைப் பாத்தனான். பிள்ளையளைக் காருக்குள்ளயே இருக்கச் சொல்லிப்போட்டு நான் மட்டும் கொஞ்சத் தூரம் நடந்தன். பிறகு அண்டைக்குத் தூண்டில் போட மனம் வரேல்லை.

கணக்கன் | ஆகஸ்ட் 12, காலை 6:50

நன்னீர் அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். கரையோரம் ஒரு மாதிரி, நடுஏரி வேறு மாதிரி என்ற விஷயத்தை நான் யோசித்ததில்லை. நாங்கள் தண்ணீர் இழுக்கும் குழாய் வாயிலேயே மட்டி அடைத்து அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு தனி வேலை. அதை வெறும் பராமரிப்புச் செலவாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நேரடியாகவே கேட்கிறேன். சத்து இல்லாததுதான் பிரச்சினை என்றால், நடுஏரியில் அளந்து உரம் போட முடியாதா?

நன்னீர் | ஆகஸ்ட் 12, மாலை 5:15

நியாயமான கேள்வி, செய்தும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கூட்டனே ஏரி என்று ஒன்று, நீண்டு ஒடுங்கிய ஆழமான மலை ஏரி. மேலே அணைகள் கட்டியதில் சத்து வரத்து நின்று கொக்கனி சால்மன் சரிந்தது. 1992 முதல் அதன் வடகரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் திரவமாகக் கலந்து விடுகிறார்கள். கொக்கனி மீண்டும் பெருகியது. பிற்பாடு வேறு காரணங்களால் திரும்பவும் விழுந்தது, அது தனிக் கதை.

ஆனால் ஹூரானின் பரப்பு 59,600 சதுர கிலோமீட்டர். அந்த அளவுக்கு உரத்துக்கு எங்கே போவது? போட்டாலும் முதல் பந்தியில் உட்காரப்போவது மட்டிதான். இன்னொன்று, ஹூரான் தண்ணீர் கீழே ஈரிக்குத்தான் போகிறது. 2014 ஆகஸ்டில் ஈரியின் மேற்கு மூலையில் நச்சுப்பாசி பொங்கி, டொலீடோ நகரமே மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தது. அங்கே பாஸ்பரஸ் மிகுதி, இங்கே பற்றாக்குறை. ஒரே நீர்த்தொடரில் இரண்டும்.

அடுப்படி | ஆகஸ்ட் 12, இரவு 8:02

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வீட்டுக்காரர் இந்தக் கோடையில் நிறைய லேக் ட்ரவுட் கொண்டு வருகிறார். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? இவ்வளவு தெளிவான தண்ணீரில் பிடித்தது, பயம் வேண்டாம் என்கிறார்.

நன்னீர் | ஆகஸ்ட் 12, இரவு 8:40

அக்கா, தெளிவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு ரசாயனம், பாதரசம் இரண்டையும் கண்ணால் பார்க்க முடியாது. ஒன்ராறியோ அரசு எந்த ஏரியில், எந்தப் பகுதியில், எந்த மீன், எத்தனை சென்டிமீட்டர் நீளம் இருந்தால் மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று அட்டவணை வெளியிடுகிறது. பிள்ளைகளுக்கும் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனிக் கணக்கு இருக்கும். பிடித்த இடத்தைக் கேட்டு அதைப் பாருங்கள். பொதுவாகச் சிறிய மீன் நல்லது, பெரிய கிழட்டு மீனைத் திரும்ப விட்டுவிடுவது நல்லது.

நம் சமையலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிசிபி கொழுப்பில் தங்குவது. லேக் ட்ரவுட் கொழுப்பு மீன். தோலையும் வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் முதுகு வரியோரக் கொழுப்பையும் எடுத்துவிட்டுத் தணலில் வாட்டினால் கொழுப்பு வடிந்து ஒரு பங்கு குறையும். குழம்பு வைத்தால் வடிந்த கொழுப்பு குழம்பிலேயே நிற்கும், நாம் அதையும் சோற்றில் பிசைந்து சாப்பிடுவோம். பாதரசம் சதைக்குள் இருப்பதால் எப்படிச் சமைத்தாலும் போகாது.

வடகரை துலூத் | ஆகஸ்ட் 13, அதிகாலை 5:30

மினசோட்டாவில, சுப்பீரியர் ஏரிக்கரையில பதினோரு வருஷமா இருக்கேன். இந்தப் பேச்சைப் பாத்ததும் எங்க ஏரியைப் பத்திச் சொல்லாம இருக்க முடியல. நிலைமை முழுக்க இருட்டுன்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

சுப்பீரியர் 406 மீட்டர் ஆழம். உலகத்தோட மேற்பரப்பு நன்னீர்ல பத்துல ஒரு பங்கு இந்த ஒரே ஏரியில. உள்ள வந்த தண்ணி வெளிய போக சராசரியா 191 வருஷம் ஆகும்னு கணக்கு. ஹூரானுக்கு 22தான். அதனால இதுல விழுந்த அழுக்கு சீக்கிரம் போகாது. சில்வர் பே ஊர்ல ரிசர்வ் மைனிங் கம்பெனி 1950கள்ல இருந்து நாளைக்கு 67,000 டன் தாதுக்கழிவை ஏரிக்குள்ள கொட்டிட்டு இருந்துச்சு. 1973ல துலூத் குடிதண்ணியில ஆஸ்பெஸ்டாஸ் மாதிரி இழைகள் கண்டுபிடிச்சாங்க. வழக்கு நடந்து, 1980லதான் கொட்டுறது கரை மேல மாறுச்சு. எங்க தெருவுல வயசானவங்க இன்னும் அந்த வருஷத்தைப் பத்திப் பேசுவாங்க.

இப்போ மீன் கதைக்கு வரேன். பேரேரிகளை முதல்ல அழிச்சது மட்டி இல்ல, கடல் லாம்ப்ரே. பாக்க விலாங்கு மாதிரி இருக்கும், தாடை கிடையாது. வட்ட வாய் நிறையப் பல். மீன் உடம்புல ஒட்டிக்கிட்டு ரத்தம் உறிஞ்சும். நயாகரா அருவி தடுத்து வச்சிருந்துச்சு. அருவியைச் சுத்திக்கிட்டுக் கப்பல் போறதுக்கு வெல்லண்ட் கால்வாய் வெட்டினாங்க, அதை ஆழப்படுத்தினாங்க. 1921ல ஈரி, 1936ல மிச்சிகன், 1937ல ஹூரான், 1938ல சுப்பீரியர். ஒரு லாம்ப்ரே அது ஒட்டி வாழுற ஒண்ணரை வருஷத்துல 18 கிலோ மீன் வரைக்கும் கொல்லும். மேல் ஏரிகள்ல வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி பவுண்டு லேக் ட்ரவுட் பிடிச்சிட்டு இருந்தவங்க, 1960கள் தொடக்கத்துல மூணு லட்சம் பவுண்டுக்கு வந்துட்டாங்க.

அப்புறம் நடந்ததைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்வேன். ஹூரான் கரையில ஹாமண்ட் பே ஆய்வு நிலையத்துல ஜாடி ஜாடியா வச்சு, லாம்ப்ரே குஞ்சையும் மத்த மீனையும் ஒண்ணாப் போட்டு, ஏறக்குறைய ஆறாயிரம் ரசாயனத்தை ஒவ்வொண்ணா சோதிச்சாங்க. லாம்ப்ரே குஞ்சு மட்டும் சாகணும், மத்தது பிழைக்கணும். கடைசியில டிஎஃப்எம் கிடைச்சது. 1958ல சுப்பீரியர்ல விழுற ஓடைகள்லதான் முதல்ல விட்டாங்க. குஞ்சுகள் ஓடைச் சேத்துல நாலஞ்சு வருஷம் கண் தெரியாமப் புதைஞ்சு கிடக்கும், அதனால அங்க வச்சே பிடிக்கணும். அமெரிக்கா, கனடா ரெண்டு நாடும் சேர்ந்து நடத்துற பேரேரிகள் மீன்வள ஆணையம் அன்னையில இருந்து இன்னிக்கு வரைக்கும் அதை நிறுத்தல. லாம்ப்ரே பத்துல ஒரு பங்காக் குறைஞ்சுது.

2024 நவம்பர்ல அந்த ஆணையம் சுப்பீரியரோட பெரும்பகுதியில லேக் ட்ரவுட் முழுசா மீண்டுடுச்சுன்னு அறிவிச்சாங்க. பண்ணைக் குஞ்சு இல்ல, ஏரியிலயே பிறந்து ஏரியிலயே முட்டையிடுற மீன். எழுபது வருஷ வேலை. செய்தியைப் படிச்ச அன்னைக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு நேரா கரைக்குப் போய் நின்னேன். தொடங்கி வச்சவங்கள்ல பலர் இன்னைக்கு உயிரோட இருக்க மாட்டாங்கன்னு நினைச்சப்போ தொண்டை அடைச்சுது.

பொருநைக்கரை | ஆகஸ்ட் 13, காலை 7:10

அண்ணே, கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா சுப்பீரியருக்கு ஏன் மட்டி வரல? கப்பல் துலூத் வரைக்கும் வருதே?

வடகரை துலூத் | ஆகஸ்ட் 13, காலை 7:42

வந்துச்சு. துலூத் துறைமுகத்துக்குள்ள வரிக்குதிரை மட்டி இருக்கு. ஆனா வெளி ஏரியில காலூன்ற முடியல. ஓடு கட்டச் சுண்ணாம்பு வேணும். சுப்பீரியரைச் சுத்தி பெரும்பாலும் கருங்கல், எரிமலைப் பாறை. கால்சியம் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம்தான். ஹூரான்ல அதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு, மிச்சிகன்ல அதுக்கும் மேல. அதனால இங்க டைபோரியா இன்னும் நிறைய இருக்கு. எங்க ஏரி தெளிவா இருக்கிறது அதோட பிறவிக் குணம், மீனும் அந்தச் சாப்பாட்டுக்குப் பழகினது.

வேற கவலை இருக்கு. 1979ல இருந்து 2006க்குள்ள கோடை மேல்தண்ணி வெப்பம் ரெண்டரை டிகிரி ஏறியிருக்கு, காத்து சூடானதை விட வேகமா. பனிக்கட்டி மூடுறது குறையுது. 2012லயும் 2018லயும் பெருமழைக்குப் பிறகு தெற்குக் கரையில நீலப்பச்சைப் பாசி வந்துச்சு. சுப்பீரியர்ல பாசின்னு சொன்னப்போ என் பக்கத்து வீட்டுக்காரர் முதல்ல நம்பவே இல்ல. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துதான் ஒத்துக்கிட்டார்.

பருத்தித்துறையான் | ஆகஸ்ட் 13, இரவு 10:15

துலூத் தம்பி எழுதினதை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன். ஆனால் எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை. சினூக் போன பிறகு ஜோர்ஜியன் விரிகுடாவில லேக் ட்ரவுட் கூடின மாதிரித்தான் எனக்குத் தெரியுது. கடைசி ஆறேழு வருசம் எனக்குப் பிடிபடுகிறது அதுதான். செட்டையில வெட்டில்லாத மீன்தான் கனக்க. பண்ணையில விட்ட குஞ்செண்டால் ஒரு செட்டையைக் கத்தரிச்சு அடையாளம் வைப்பினம். தீவனம் இல்லையெண்டால் இது மட்டும் எப்பிடி?

நன்னீர் | ஆகஸ்ட் 14, காலை 7:20

அண்ணா, நீங்கள் கவனித்தது ஆய்வாளர்கள் கண்டதேதான். வெட்டில்லாத செட்டை என்றால் ஏரியிலேயே இயற்கையாகப் பிறந்த மீன்.

அலேவைஃப் ஹூரானின் சொந்த மீனே இல்லை. லாம்ப்ரே ட்ரவுட்டைத் தீர்த்த பிறகு, தின்ன ஆளில்லாமல் கணக்கில்லாமல் பெருகியது. 1967ல் மிச்சிகன் ஏரியில் அது செத்து ஒதுங்கி, சிகாகோ கரையில் நாற்றம் தாங்கவில்லை. அதைத் தின்பதற்காகத்தான் மிச்சிகன் மாநில மீன்துறையில் ஹோவர்ட் டேனர் 1966ல் பசிபிக் கோஹோ சால்மனைக் கொண்டு வந்து விட்டார், அடுத்த ஆண்டு சினூக். நீங்கள் 2000ல் பிடித்த இருபது றாத்தல் மீன் அந்த ஏற்பாட்டின் வாரிசு. அந்நிய இரை, அந்நிய வேட்டைக்காரன்.

அலேவைஃப் உடம்பில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தயமின் என்ற பி1 வைட்டமினை அது சிதைக்கும். அலேவைஃபையே தின்று வளர்ந்த ட்ரவுட்டின் முட்டையில் பி1 போதுமான அளவு இருக்காது, குஞ்சு பொரித்த சில வாரங்களில் செத்துவிடும். போதாக்குறைக்கு அலேவைஃப் ட்ரவுட் குஞ்சையே தின்னும். முப்பது வருடம் பண்ணைக் குஞ்சுகளைக் கொட்டியும் ஹூரானில் ட்ரவுட் தானாகப் பெருகாததற்கு இது ஒரு பெரிய காரணம். 2003, 2004ல் அலேவைஃப் விழுந்தது. சினூக் பட்டினியில் போனது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஏரியில் இயற்கையாகப் பிறந்த ட்ரவுட் குஞ்சுகள் வலையில் வரத் தொடங்கின. சாகினா விரிகுடாவில் வால்ஐ மீனும் அப்படித்தான் மீண்டது. ட்ரவுட் இப்போது கோபியைத் தின்னப் பழகிக்கொண்டிருக்கிறது. மட்டியின் சத்து மீனுக்குத் திரும்பி வர இருக்கும் சில வழிகளில் கோபியும் ஒன்று.

ஆகவே மீன் போய்விட்டது என்று மொத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த மீன், யாருடைய மீன் என்று கேட்க வேண்டும். சினூக் போனதற்குச் சுற்றுலாப் படகுக்காரர்கள் அழுதார்கள், அவர்கள் இழப்பு உண்மையானது. எனக்குத் தூக்கம் கெடுவது வைட்ஃபிஷை நினைத்து. அது இங்கேயே பிறந்த மீன், பனிக்கட்டி யுகம் முடிந்த காலத்திலிருந்து இங்கே இருக்கிறது. நவம்பரில் கல்மேடுகளில் முட்டையிடும். பனிக்கட்டி விலகும் நேரத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு உடனே நுண்விலங்குத் தீவனம் வேண்டும். வசந்தப் பொங்கல் இல்லாத ஏரியில் அது கிடைப்பதில்லை. கிழட்டு மீன்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே வர வேண்டிய குஞ்சுத் தலைமுறை ஹூரானிலும் மிச்சிகனிலும் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது.

கரையோரம் ஓவன்சவுண்ட் | ஆகஸ்ட் 14, மாலை 4:33

நான் இங்க ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் சோகீன் ஒஜிப்வே நேஷன் என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பிள்ளைகள் படிக்கிறார்கள். வைட்ஃபிஷை அவர்கள் மொழியில் அடிகமெக் என்பார்கள். அடிக் என்றால் காரிபூ மான், அதனால் மான்மீன் என்று பொருள். குளிர்காலத்தில் மான் இறைச்சி எப்படியோ அப்படி இந்த மீன். அவர்கள் ஊரான கேப் குரோக்கரில் அவர்கள் அனுமதித்த அளவை மீறி மீன் பிடித்தார்கள் என்று வழக்குப் போட்டபோது, 1993ல் நீதிமன்றம் இந்தத் தண்ணீரில் வணிகத்துக்காக மீன் பிடிப்பது அவர்கள் உரிமை என்று தீர்ப்பளித்தது.

போன வசந்தத்தில் ஒரு பையன் குடும்பக் கதை எழுதச் சொன்னதற்கு, தாத்தா வலையை இறக்கினார், வலை சுத்தமாக வந்தது என்று எழுதியிருந்தான். உரிமையை நீதிமன்றம் கொடுத்தது, மீனை மட்டி தின்றுவிட்டது என்று நான் சொன்னதற்கு, மட்டி வரக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். பதிலாகக் கப்பல், கால்வாய் என்றெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். கப்பல்களில் நடுக்கடலில் தண்ணீரை மாற்ற வேண்டும் என்ற விதி கடல் கடந்து வரும் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் கண்டிப்பாக வந்தது 2006, 2008 வாக்கில்தான். அவன் தாத்தாவின் வலைக்கு அது இருபது வருடம் தாமதம்.

கணக்கன் | ஆகஸ்ட் 14, இரவு 9:01

ஆசிரியர் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

இந்த மட்டியைக் கொல்ல லாம்ப்ரேக்குக் கிடைத்தது போல் ஒரு மருந்து கிடைக்க வாய்ப்பிருக்கிறதா?

நன்னீர் | ஆகஸ்ட் 15, காலை 8:10

சின்ன இடத்தில் கொல்ல முடியும். துறைமுகத்தில், முட்டையிடும் கல்மேட்டில் திரை போட்டு மூடி மருந்து விடலாம், சுரண்டி எடுக்கலாம், சோதனைகள் நடக்கின்றன. லாம்ப்ரேக்கு ஒரு பலவீனம் இருந்தது: குஞ்சுப் பருவத்தில் ஓடைக்குள் அடைபட்டுக் கிடக்கும். குவாகாவுக்கு அப்படி ஒரு கழுத்துப்பிடி இல்லை. குஞ்சு தண்ணீரில் மிதந்து ஏரி முழுக்கப் போகும். லாம்ப்ரேயிலும் கூட, சுப்பீரியரிலிருந்து ஹூரானுக்கு ஓடும் செயின்ட் மேரிஸ் ஆறு மிகப் பெரியது என்பதால் அங்கே வழக்கமான முறை பலிக்கவில்லை, ஹூரான் அதனால் பல வருடம் அடிபட்டது. அடியில் மூழ்கிக் கரையும் குருணை மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தூவும் வழியைப் பிறகுதான் கண்டார்கள். கொரோனாவில் 2020, 2021 இரண்டு கோடையும் வேலை சுருங்கியதும் லாம்ப்ரே உடனே ஏறியது. ஆறாயிரம் ஜாடி வைத்தவர்களுக்கும் தொடக்கத்தில் வழி தெரிந்திருக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டுதான் நான் ஆய்வகத்துக்குப் போகிறேன்.

பொருநைக்கரை | ஆகஸ்ட் 17, மாலை 6:25

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி கேட்டு ஒரு வாரப் பாடம் படிச்சேன். நேத்து பொண்ணுகிட்ட, அந்தக் கப்பல் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சது ஏன்னு சொன்னேன். "அப்போ மீனுக்குப் பசிக்குமாப்பா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

செப்டம்பர் முதல் வாரம் சுப்பீரியர் பக்கம் போறோம், வாவா வழியா. கயாக்கை எங்க இறக்கினா நல்லது? இந்தக் கயாக் ஹூரான்ல இருந்துச்சே, அதை எப்படிச் சுத்தம் பண்ணணும்?

வடகரை துலூத் | ஆகஸ்ட் 17, இரவு 7:50

கேட்டதே பெரிய விஷயம் தம்பி. ஒட்டியிருக்கிற செடி, சேறு எல்லாத்தையும் கரையிலயே எடுத்துடுங்க, உள்ள நிக்கிற தண்ணியை முழுசா வடிங்க. ஒண்டாரியோவில 2022ல இருந்து அது சட்டமே. வீட்டுல சுடுதண்ணி விட்டுக் கழுவி, குறைஞ்சது அஞ்சு நாள் வெயில்ல காய விடுங்க. லைஃப் ஜாக்கெட், கயிறு, துடுப்பு, மீன் வைக்கிற கூடை எல்லாத்தையும்தான். மட்டிக் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

பருத்தித்துறையான் | ஆகஸ்ட் 17, இரவு 8:36

தம்பி, அகாவா விரிகுடாவில இறக்குங்கோ. விடிய ஆறு மணிக்கு முந்திப் போனால் தண்ணி எண்ணெய் மாதிரிக் கிடக்கும். பத்து மணிக்கு மேல மேல்காத்து எழும்பினால் சுப்பீரியர் ஒருத்தரையும் பாராது, அலை கடல் அலைதான். கரையை விட்டு விலகாதேங்கோ. செப்டம்பரிலயும் தண்ணி பச்சைத்தண்ணி இல்லை, ஐஸ் தண்ணி. பிள்ளையைக் கரையில அம்மாவோட விட்டிட்டு நீங்கள் மட்டும் இறங்குங்கோ. சின்ன ட்ரவுட் ஒண்டு கடிச்சால் செட்டையைப் பாத்திட்டு விட்டிடுங்கோ. படம் ஒண்டு இஞ்ச போடுங்கோ.